கடலூர், பாண்டி பக்கம் ஓவரி கேன்சர் ஸ்டேஜ் 3-ன்னு சொல்லிட்டாங்களா? முதல் நாள்லேர்ந்து செக்கப் வரைக்கும் என்னென்ன பண்ணணும்

எனக்கு 51 வயசு, கடலூர் செம்மண்டலத்துல வீட்லயே டெய்லரிங் பண்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி வயிறு உப்ப ஆரம்பிச்சுது, ரெண்டு இட்லி சாப்ட்டாலே தொண்டை வரைக்கும் நிக்கும், அடிக்கடி யூரின் வரும், மோஷன் சரியா போகாது. எல்லாரும் கேஸ்னு சொன்னாங்க, நானும் நம்பி நாலு மாசம் கேஸ் மாத்திரை போட்டேன். கடைசில என் டேப்பை எடுத்து என் இடுப்பை நானே அளந்தேன், 34 இருந்தது 39. கை காலெல்லாம் மெலிஞ்சு போய் வயிறு மட்டும் அஞ்சு இன்ச் ஏறுனா அது கொழுப்பு இல்லன்னு அப்பதான் உறைச்சுது. ஸ்கேன்ல வயித்துல தண்ணி, ஓவரில அதாவது சினைப்பைல கட்டி. ஸ்டேஜ் 3சி. ஆறு கீமோ, நடுவுல ஒரு பெரிய ஆபரேஷன், எல்லாம் முடிஞ்சு இப்ப செக்கப் மட்டும் போயிட்டு இருக்கேன்.

நோயை விட பேப்பருக்கும் தேதிக்கும் அலைஞ்சதுல தான் நாங்க ஒடஞ்சு போனோம். யாராவது முன்னாடியே சொல்லிருந்தா பாதி அலைச்சல் இருந்திருக்காது, அதுக்காகத்தான் இத எழுதுறேன். மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றது தான் கணக்கு, நான் சொல்றது மத்ததெல்லாம்.

1. முதல்ல ஒரு ஃபைல் வாங்குங்க

நாப்பது அம்பது கவர் இருக்குற பிளாஸ்டிக் ஃபைல், எந்த ஸ்டேஷனரி கடையிலயும் கிடைக்கும். தேதி வரிசையா போடுங்க, புதுசு மேல. ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த ரிப்போர்ட், ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் அஞ்சு செட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பத்து. எல்லாத்தையும் போன்ல போட்டோ புடிச்சு வீட்ல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பி வைங்க, மழைல நனைஞ்சு போனாலும் கவலை இல்ல.

பேரு தான் பெரிய வலை, இத தயவுசெஞ்சு நல்லா படிங்க. ஆதார்ல இருக்குற பேரு, இனிஷியல், எழுத்து மாறாம அதே தான் ஓபி சீட்டுலயும் வரணும். எனக்கு முதல்ல பாத்த எடத்துல அவசரத்துல இனிஷியல் மாத்தி அடிச்சுட்டாங்க, நாங்களும் பாக்கல, பயாப்ஸி அதாவது சதை எடுத்துப் பாக்குற டெஸ்ட் ரிப்போர்ட்டும் அதே தப்போட வந்துது, காப்பீட்டுக்கு அனுப்புனப்ப பேரு ஒத்துப் போகலன்னு திரும்பி வந்து அத திருத்தி வாங்குறதுக்குள்ள 9 நாள் போச்சு. வயித்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்குறப்ப 9 நாள்னா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. சீட்டு கைக்கு வந்ததும் கவுண்டர விட்டு நகராம பேரு, இனிஷியல், வயசு மூணையும் படிச்சுப் பாருங்க.

சிடி ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போடுவாங்க, அதுக்கு கிட்னி டெஸ்ட் அதாவது கிரியாட்டினின் ரிப்போர்ட் கேப்பாங்க, நாலு மணி நேரம் வெறும் வயிறா இருக்கணும். கிரியாட்டினின் இல்லாம போனா அன்னைக்கு திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால முதல் நாளே எடுத்துடுங்க. ரிப்போர்ட்டோட நிக்காம படம் இருக்குற சிடியையும் கேட்டு வாங்குங்க, அடுத்த டாக்டர் அதத்தான் போட்டுப் பாப்பாரு.

சிஏ 125-னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்க. 35-க்குள்ள இருந்தா நார்மல்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கும். எனக்கு ஆயிரத்துக்கு மேல இருந்துது, பாத்ததும் கால் தரையில நிக்கல. ஆனா அந்த ஒரு நம்பர வச்சு கேன்சர்னோ இல்லன்னோ முடிவு பண்ண மாட்டாங்க, மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், வயித்துல டிபி, இதுக்கெல்லாம் கூட ஏறும். ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சப்புறம் அது எறங்குதான்னு பாக்குறது தான் முக்கியம்.

2. எந்த ஆஸ்பத்திரி, யாரு டாக்டர்

நான் எங்க பாத்தேன்னு போடல, உங்க தூரம் வேற, உங்க காசு வேற. பொதுவா நம்ம பக்கத்துக்காரங்க போறது கோரிமேட்ல இருக்குற ஜிப்மர், இல்லன்னா சென்னை அடையார் கேன்சர் இன்ஸ்டிடியூட், அதுவும் இல்லன்னா காப்பீடு எடுத்துக்குற தனியார் ஆஸ்பத்திரி.

எங்க போனாலும் ஒண்ணு மட்டும் விடாதீங்க. கட்டி சந்தேகமா இருக்குன்னு ஸ்கேன்ல வந்துட்டா, சாதாரண நீர்க்கட்டி மாதிரி லேப்ராஸ்கோப்பில எடுத்துடலாம்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. கட்டி உள்ள உடைஞ்சா பரவ வாய்ப்பு இருக்கு. கைனகாலஜி கேன்சர் சர்ஜன்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. "இந்த ஆபரேஷன் நீங்க அடிக்கடி பண்றீங்களா"ன்னு கேக்குறதுல தப்பே இல்ல, நல்ல டாக்டர் யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

கடலூர்லேர்ந்து ஜிப்மர் போறவங்க பாண்டி பஸ் ஸ்டாண்டு உள்ள போய் எறங்கி மாறலாம், ஆனா ஒடம்பு முடியாதவங்கள வச்சுக்கிட்டு அந்த கூட்டத்துல ஏறி எறங்குறது கஷ்டம். நாலு பேரு சேந்தா ஷேர்ல கார் வச்சுக்குங்க. அரியாங்குப்பம் தாண்டி மரப்பாலம் கிட்ட காலைல நெரிசல்ல நின்னுட்டீங்கன்னா அரை மணி போயிடும், அதனால விடிகாலைலயே கெளம்பிடுங்க. இன்னொண்ணு, ஜிப்மர் மத்திய அரசு ஆஸ்பத்திரி, குரு நானக் ஜெயந்தி, புத்த பூர்ணிமா மாதிரி நம்ம ஊரு காலண்டர்ல கண்ணுல படாத லீவுக்கெல்லாம் ஓபி இருக்காது, கெளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க.

வேற ஆஸ்பத்திரிக்கு மாறணும்னா பயாப்ஸி ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது. ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிட்டு போகணும், ஸ்லைடுன்னா சதைய மெலிசா வெட்டி ஒட்டி வச்சிருக்குற கண்ணாடித் துண்டு, பிளாக்குன்னா சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்குற சின்ன கட்டை. லேப்ல எழுதிக் குடுத்து கையெழுத்து போட்டு வாங்கணும், ஒரே நாள்ல கிடைக்காது, ரெண்டு மூணு நாள் கையில வச்சுக்குங்க. வெயில்ல, கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க, மெழுகு உருகிடும்.

3. காப்பீட்டு கார்டு, கீமோவுக்கு முன்னாடியே

தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இருந்து குடும்பத்துக்கு வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீடு கிடைக்கும், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். வருமானச் சான்று இ-சேவைல போடலாம், 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ பாத்து மேல போகும், எங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு. அது வந்ததும் ரேஷன் கார்டு, குடும்பத்துல எல்லாரோட ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்குப் போங்க. நோயாளி பேரு ரேஷன் கார்டுல இருக்கான்னு முதல்ல பாருங்க. கல்யாணம் ஆகி வந்தப்புறம் மாமியார் வீட்டு கார்டுல பேரு ஏத்தாம அப்படியே விட்டவங்க நெறைய பேரு இருக்காங்க, எங்க வார்டுல பக்கத்து பெட் அக்காவுக்கு அதாலதான் முதல் கீமோவுக்கு கைக்காசு போச்சு.

பாண்டி ரேஷன் கார்டு வச்சிருக்குறவங்களுக்கு இந்த கார்டு கிடையாது, அவங்க ஆயுஷ்மான் பாரத் பக்கம் போகணும், 14555-க்கு போன் பண்ணி கேளுங்க. முள்ளோடை இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்குறதுல தான் எல்லாம் இருக்கு.

கார்டு இருக்குன்னா எல்லா ஆஸ்பத்திரிலயும் ஓடும்னு நெனைக்காதீங்க. 1800 425 3993-க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரி பேரையும் சொல்லி, "கேன்சர் கீமோ, கேன்சர் ஆபரேஷன் ரெண்டுக்கும் அங்க அனுமதி இருக்கா"ன்னு தனித்தனியா கேளுங்க. கீமோவுக்கு தனியா அப்ரூவல், ஆபரேஷனுக்கு தனியா அப்ரூவல், ஒண்ணு வந்தா இன்னொண்ணு தானா வராது. பயாப்ஸி ரிப்போர்ட் இல்லாம எதுவும் நகராது.

கைச்செலவு எப்படியும் இருக்கும். போக வர வண்டி, சாப்பாடு, ரத்த டெஸ்ட், வாந்தி மாத்திரை, வெள்ளை அணுவ ஏத்துற கவுண்ட் ஊசி எல்லாம் சேத்து எங்களுக்கு ஒரு சைக்கிளுக்கு அதாவது ஒரு கீமோலேர்ந்து அடுத்த கீமோ வரைக்கும் 3,000-லேர்ந்து 4,000 வரைக்கும் ஆச்சு. கைக்காசுல கீமோ மருந்து வாங்குறவங்க அட்டையில இருக்குற எம்.ஆர்.பி பாத்து மலைச்சுப் போகாதீங்க, அப்படியே காசையும் எடுத்து நீட்டாதீங்க. அதே மருந்து வேற கம்பெனிது பாதி விலைக்கும் கம்மியா கிடைக்கும். மருந்து பேரு, மில்லிகிராம் எழுதி வாங்கிக்கிட்டு அம்ரித் மருந்தகம், மக்கள் மருந்தகம், ரெண்டு மூணு பெரிய மொத்த கடைன்னு விசாரிங்க, எந்த கம்பெனி ஓகேன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு பில்லோட வாங்குங்க.

சென்னை போறவங்களுக்கு ரயில் சலுகை இருக்கு. ஆஸ்பத்திரில கேன்சர் சலுகை ஃபார்ம் கேட்டு டாக்டர் கையெழுத்து, சீல் வாங்குங்க. ஸ்லீப்பர்லயும் தேர்டு ஏசிலயும் நோயாளிக்கு டிக்கெட் காசே இல்ல, கூட வர்றவங்களுக்கு 75 சதவீதம் கழிவு. ஆன்லைன்ல எடுக்க முடியாது, ஸ்டேஷன் கவுண்டர்ல தான், நம்ம திருப்பாதிரிப்புலியூர்லயே எடுத்துக்கலாம்.

4. கீமோ நாள்

ஓவரிக்கு பெரும்பாலும் பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின்னு ரெண்டு மருந்து சேத்து 21 நாளைக்கு ஒரு தடவை. என்னை மாதிரி ரொம்ப பரவிருந்தா முதல்ல 3, அப்புறம் ஸ்கேன், ஆபரேஷன், திரும்ப 3. முன்னாடி போடுற அலர்ஜி ஊசி, வாந்தி ஊசி எல்லாம் சேத்து காலைல உக்காந்தா சாயந்திரம் ஆயிடும்.

முன்னாடி நாள் டெக்சாங்குற ஸ்டீராய்டு மாத்திரை குடுத்திருந்தா நேரம் தவறாம போடுங்க, அது அலர்ஜி வராம இருக்க. சாப்ட்டுட்டு போங்க. கை தளர்வா இருக்குற, முன்னாடி பட்டன் வச்ச டிரஸ் போடுங்க. நான் எனக்கு நாலு நைட்டி அப்படி தச்சுக்கிட்டேன், முழங்கைக்கு மேல வரைக்கும் ஏத்துற மாதிரி அகலக் கை வச்சு. ஏசில குளிரும், சால்வையும் சாக்ஸும் வேணும்.

மருந்து ஏறுறப்ப மூச்சு முட்டுச்சு, நெஞ்சு இறுக்கிச்சு, முகம் சூடாச்சு, முதுகு வலிச்சுதுன்னா அந்த நிமிஷமே கத்தி கூப்புடுங்க. ஊசி போட்ட எடத்துல எரிச்சல், வீக்கம் இருந்தாலும் அப்படித்தான். "பாவம், நர்ஸ் பிஸியா இருக்காங்க"ன்னு பொறுத்துக்காதீங்க, மருந்து நரம்புக்கு வெளிய எறங்குனா சதை வெந்துடும்.

5. அந்த 21 நாள்

இது தான் முழு ட்ரீட்மென்ட்டும். ஒரு தினசரி காலண்டர் எடுத்து கீமோ போட்ட நாள 1-ன்னு போட்டு 21 வரைக்கும் எழுதி சமையல்கட்டுல மாட்டுங்க.

1, 2, 3: ஸ்டீராய்டால கொஞ்சம் தெம்பா இருக்கும், தூக்கம் வராது. வாந்தி வந்தப்புறம் மாத்திரை போடாதீங்க, எழுதிக் குடுத்த நேரத்துக்கு முன்கூட்டியே போடுங்க. அந்த வாந்தி மாத்திரையே மலச்சிக்கல் ஆக்கும், மோஷன் மருந்தையும் அப்பவே கேட்டு வாங்கிடுங்க.

3-லேர்ந்து 6: எலும்புக்குள்ள நோகும். முட்டி, தொடை, பாதம், யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி. எனக்கு முதல் தடவை இது தெரியாம நோய் எலும்புக்கு போயிடுச்சுன்னு ராத்திரி முழுக்க அழுதேன். மருந்தால வர்றது அது, ரெண்டு மூணு நாள்ல போயிடும். வலி மாத்திரை எதுன்னு டாக்டர் சொன்னது மட்டும்.

7-லேர்ந்து 14: இது தான் பயந்து இருக்க வேண்டிய வாரம். வெள்ளை அணு அதாவது கவுண்ட் இறங்கும். வீட்டுக்கு யாரையும் சேக்காதீங்க. பாக்க வர்றவங்க மனசு நோகும்னு என் மாமியார் தயங்குனாங்க, அப்புறம் அவங்களே வாசல்ல சேர் போட்டு உக்காந்து, "பத்து நாள் கழிச்சு வாங்க கண்ணு"ன்னு சொல்லி அனுப்புனாங்க. வெளிய வாங்குன சாப்பாடு, கட் பண்ணி விக்கிற பழம், பச்சை சட்னி வேணாம். வீட்ல சுடச்சுட செஞ்சது எல்லாம் சாப்புடலாம், முட்டை, பருப்பு, நல்லா வெந்த மீன். கேன்சர்னா கவிச்சி ஆகாதுன்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க, ஒடம்பு தேற புரதம் வேணும்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க, 200 ரூபா கூட ஆகாது. 100.4 டிகிரி காட்டுனா அது எமர்ஜென்சி, ராத்திரி ரெண்டு மணின்னாலும். ஒரு டோலோ போட்டு படுத்துட்டு காலைல பாக்கலாம்னு இருக்காதீங்க, மாத்திரை காய்ச்சல மறைச்சுடும், உள்ள கிருமி ஏறிக்கிட்டு இருக்கும். உங்க ஆஸ்பத்திரி தூரம்னா கடலூர் ஜிஎச், எது பக்கமோ அங்க, வண்டி இல்லன்னா 108. உள்ள நுழையறப்பவே "கீமோ போயிட்டு இருக்கு, இன்னைக்கு பத்தாவது நாள், காய்ச்சல், கவுண்ட் பாத்து ஆன்டிபயாடிக் போடணும்"னு சொல்லுங்க. இத ஒரு அட்டையில எழுதி ஃபைல் முன்னாடி சொருகி வைங்க. எனக்கு ரெண்டாவது சைக்கிள்ல 11-வது நாள் வந்துது, என் வீட்டுக்காரரு அந்த அட்டைய நீட்டுனாரு, வரிசையில நிக்காம உள்ள எடுத்தாங்க.

14-லேர்ந்து: முடி கொட்டும். முதல் கீமோ முடிஞ்சு ரெண்டு மூணு வாரத்துல. தலையணைல கொத்து கொத்தா பாக்குறதுக்கு முன்னாடியே கிராப் வெட்டிட்டா மனசுக்கு கொஞ்சம் லேசா இருக்கும். விக் வாங்க காசு செலவு பண்ணாம பழைய காட்டன் புடவைல முக்கோணமா வெட்டி தலைத்துணி தச்சுக்கிட்டேன், சிந்தெடிக் துணி தலையில எரியும்.

19, 20: ரத்த டெஸ்ட், கிட்னி, லிவர். ரிப்போர்ட்டோட போனா தான் 22-ம் நாள் அடுத்த கீமோ. கவுண்ட் பத்தலன்னா ஒரு வாரம் தள்ளிப் போடுவாங்க, இல்ல கவுண்ட் ஏத்துற ஊசி போடுவாங்க. தள்ளிப் போச்சேன்னு இடிஞ்சு போக வேணாம், பாதி பேருக்கு எங்க வார்டுல ஒரு தடவையாவது அப்படி ஆச்சு.

முள் சீத்தா இலை கஷாயம், யாரோ குடுத்த பொடி, லேகியம் எதுவும் கீமோ நடக்குறப்ப வேணாம். அன்போட தான் குடுக்குறாங்க, ஆனா லிவர், கிட்னி கெட்டா கீமோ நின்னுடும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

6. ஆபரேஷன்

மூணாவது கீமோவுக்கு மூணு நாலு வாரம் கழிச்சு. கர்ப்பப்பை, ரெண்டு ஓவரி, குடலுக்கு மேல இருக்குற கொழுப்புச் சவ்வு, நோய் ஒட்டிருக்குற எடமெல்லாம் எடுப்பாங்க. தொப்புளுக்கு மேலேர்ந்து கீழ வரைக்கும் நேர் வெட்டு. குடல்ல ஒரு துண்டு எடுக்க வேண்டி வருமா, மலம் வெளிய வர வயித்துல பை வைப்பாங்களான்னு முன்னாடியே கேளுங்க, கண்ணு முழிச்சு பாத்து அதிர்ச்சியாக வேணாம்.

ரத்தம் குடுக்க மூணு பேர முன்னாடியே தயார் பண்ணுங்க. ஈடா குடுக்குறவங்க உங்க குரூப்பா இருக்கணும்னு இல்ல, எந்த குரூப்பும் குடுக்கலாம், இது தெரியாம நாங்க ரெண்டு நாள் பி நெகட்டிவ் தேடி அலைஞ்சோம். 18 வயசுக்கு மேல, 45 கிலோவுக்கு மேல, முன்னாடி ராத்திரி குடிக்காதவங்க.

மூணு பந்து இருக்குற, மூச்ச உள்ள இழுக்குற மிஷின் வாங்க சொல்லுவாங்க, ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்தே இழுத்துப் பழகுங்க, அப்புறம் வயித்துல தையலோட கத்துக்க முடியாது. ட்யூப் பை தொங்கும்ல, அதுக்கு நைட்டியோட உள்பக்கம் ஒரு பாக்கெட் தச்சு வச்சேன், ரெண்டாவது நாள் நடக்க சொன்னப்ப கையில தூக்கிட்டு நடக்க வேண்டியது இல்லாம போச்சு, வார்டு சிஸ்டர் மத்தவங்களுக்கும் தச்சு தர முடியுமான்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து ரத்தம் உறையாம இருக்க ஒரு மாசம் வரைக்கும் தோலுக்கடில ஊசி போட சொல்லுவாங்க, வீட்லயே போட கத்துக்குங்க. குடம், சிலிண்டர், பேரப்புள்ள எதுவும் ரெண்டு மாசத்துக்கு தூக்கக்கூடாது.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு சம்மரில "எல்லாம் எடுத்தாச்சா, மிச்சம் இருக்கா"ன்னு எழுதிருக்கான்னு பாருங்க. எடுத்ததோட பயாப்ஸி ரிப்போர்ட் பத்து நாள் ஆகும், அத வாங்க தனியா ஒரு நாள் போகணும். அடுத்த கீமோ நாலஞ்சு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், தேதி வாங்காம வார்டு விட்டு வராதீங்க.

7. பிராக்கா டெஸ்ட்

பிராக்கா 1, 2-ன்னு மரபணு டெஸ்ட். இந்த வகை ஓவரி கேன்சர் வந்த எல்லாருக்கும் எடுக்கணும்னு சொல்றாங்க, வீட்ல வேற யாருக்கும் இல்லன்னாலும். ரெண்டு காரணம். மாறுதல் இருந்தா கீமோ முடிஞ்சு ஒலாபரிப் மாதிரி மாத்திரை குடுத்து நோய் திரும்ப வர்றத தள்ளிப் போட முடியும். இன்னொண்ணு, நம்ம பொண்ணு, அக்கா தங்கச்சி எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கலாம், அண்ணன் தம்பியும் தான். வெளில எடுத்தா பல ஆயிரம் ஆகும், ரிப்போர்ட் வர மூணு நாலு வாரம். அதனால ஆறு கீமோவும் முடியட்டும்னு காத்திருக்காம நடுவுலயே கேளுங்க, இலவசமா எடுக்க வழி இருக்கான்னும் டாக்டர்கிட்டயே கேளுங்க. என் பொண்ணுக்கு சொல்றதுக்கு எனக்கு ரெண்டு மாசம் வாய் வரல. சொன்னப்புறம் அவ தான் என்ன கூட்டிட்டு போயி எடுக்க வச்சா.

8. முடிஞ்சப்புறம்

ஓவரி எடுத்துட்டதால ஒடம்பு திடீர்னு அனலா எரியும், ராத்திரி வேர்த்து ஊத்தும், தூக்கம் கெடும். டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லுங்க, வழி இருக்கு. புருஷன் பொண்டாட்டி சேந்து இருக்குறது எப்பன்னும் கேளுங்க.

கை கால் விரல் மரத்துப் போறது தான் எனக்கு பெரிய கஷ்டம். கடைசி கீமோ முடிஞ்சு ஊசில நூல் கோக்க உக்காந்தேன், ஊசி விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியல, கண்ணால பாத்து தான் புடிக்கணும். டெய்லருக்கு விரல் போனா என்ன இருக்கு. கீமோ நடக்குறப்பவே மரப்பு ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் சொல்லுங்க, சட்டை பட்டன் போட முடியல, செருப்பு கழண்டது தெரியலன்னு குறிப்பா சொல்லுங்க, அத வச்சு டோஸ் குறைப்பாங்க. நான் மூணாவதுலயே சொல்லாம விட்டேன், கீமோவ நிறுத்திடுவாங்களோன்னு பயம். அஞ்சு மாசம் கழிச்சு ஒரு நாள் ரெண்டாவது தடவையிலயே நூல் உள்ள போச்சு, இப்ப பிளவுஸ் ஹூக் வரைக்கும் நானே வைக்கிறேன், கால் விரல் மட்டும் இன்னும் கொஞ்சம் பஞ்சு மிதிக்கிற மாதிரி தான் இருக்கு. அடுப்பு, கொதி தண்ணி கிட்ட கவனம், சூடு தெரியாது.

செக்கப் முதல் ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் இடைவெளி கூடும். வயிறு திரும்ப உப்புனா, சாப்பாடு நிக்குற மாதிரி இருந்தா, வாந்தியோட மோஷன் நின்னு போச்சுன்னா தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. இந்த ஸ்டேஜ்ல நெறைய பேருக்கு திரும்ப வருது, அத மறைச்சு எழுத எனக்கு மனசு வரல, ஆனா திரும்ப வந்து மறுபடி கீமோ எடுத்து நல்லா நடமாடுறவங்கள நான் அந்த ஓபி பெஞ்சுலயே பாக்குறேன். வலி இருந்தா பாலியேட்டிவ் ஓபிக்கு, அதாவது வலி, வேதனைய குறைக்குற பிரிவுக்கு எழுதிக் குடுக்க சொல்லிக் கேளுங்க, அது கடைசி கட்டத்துக்கு மட்டும்னு நெனச்சு ஒதுங்க வேணாம், கீமோ ஓடுறப்பவே போகலாம்.

சிஏ 125 எப்பவும் ஒரே லேப்ல எடுங்க, லேப் மாறுனா நம்பரும் கொஞ்சம் மாறும், வீணா பயந்து போவீங்க. ஓபிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே எடுத்துட்டு ரிப்போர்ட்டோட போங்க. ரத்தம் எடுக்குறவங்ககிட்ட எந்த கையில நரம்பு நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க, எனக்கு இடது கை.